தெளியூரில் தனி அடுப்பு

தியாகேசன் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவர். அவர் கதை எழுதுவார் என்பது பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். என்ன கதை என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு ஆய்வகத்து நீள மேஜையில், தராசையும் சாராய விளக்கையும் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்து எழுதுவார். ஜன்னலுக்கு வெளியே மலை. சித்திரை வெயிலில் அந்தப் பாறைகள் வாங்கி வைத்துக்கொள்ளும் சூட்டைப் பார்த்துத்தான் முதல் கதைக்கான யோசனையே அவருக்கு வந்தது.

இன்னும் ஐந்நூறு வருஷம் கழித்து, ஒரு மலைச்சரிவில் ஓர் ஊர். பெயர் தெளியூர். உச்சியில் வைத்த கண்ணாடிகள் வெயிலைப் பிடித்துக் குழாய் வழியாகத் தெருத்தெருவாக அனுப்பும். அந்தச் சூட்டில் சோறு வேகும், இரும்பு உருகும், விளக்கு எரியும். அந்த ஊரில் பூட்டு கிடையாது. யாருக்கு யாரும் மேலாள் கிடையாது. இந்த மாதம் கண்ணாடி துடைக்கிறவள் அடுத்த மாதம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பாள், அதற்கடுத்த மாதம் சாக்கடை தள்ளுவாள். ஒரு தெருவுக்கு ஒரே சமையல்கூடம். சண்டை வந்தால் கேள்வி முற்றம் என்று ஓர் இடத்தில் போய் உட்கார வேண்டும். எதிராளி சொல்வதை, அவரே ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் நம்முடைய நியாயத்தைப் பேசலாம்.

சென்னையில் மாத நாவல் போட்டுக்கொண்டிருந்த பரசுராமன் என்பவர் 1974இல் முதல் புத்தகத்தை வெளியிட்டார். அட்டையில் ராக்கெட் படம் இருந்தது. கதையில் ராக்கெட்டே வராது என்று தியாகேசன் எழுதிக் கேட்டதற்கு, ராக்கெட் இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டில் யாரும் கையில் எடுக்க மாட்டார்கள் என்று பதில் வந்தது. வருஷத்துக்கு ஒன்று என்று நான்கு தெளியூர்க் கதைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் முதலில் படித்தவள் அவர் மனைவி அபீதகுஜாம்பாள். அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நன்றாக இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி எழுத வேண்டும்.

குடும்பம் கோயில் குடும்பம். அண்ணன் சம்பந்தமூர்த்தி அண்ணாமலையார் கோயிலில் பூஜை முறை பார்த்தார். தம்பி வாத்தியார் வேலைக்குப் போனாலும் தீட்சை வாங்கியவர்தான். அண்ணனுக்கு உடம்புக்கு முடியாத நாளில் அவர்தான் போய் நிற்பார். அதனால் வெளியில் கை நனைப்பதில்லை என்று ஒரு கட்டு. பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள் டீ குடிக்கும்போது அவர் தண்ணீர் கூட வீட்டிலிருந்து கொண்டுவந்ததைத்தான் குடிப்பார். தெளியூரில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இந்த இரண்டும் தியாகேசன் மனசில் ஒன்றை ஒன்று இடிக்காமல் பல வருஷம் இருந்தன.

1978 ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஒரு ஆள் வீடு தேடி வந்தார். நாற்பது வயது இருக்கும். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு நின்றார்.

“சார், எனக்கு அடி அண்ணாமலை. ராஜேந்திரன்னு பேரு. கிரிவலப் பாதையில சோடாக்கடை வெச்சிருக்கேன். உங்க புஸ்தகத்த எங்க ஊர்ல நான்தான் விக்கிறேன்.”

“ரொம்ப சந்தோஷம். உள்ள வந்து உட்காருங்க.”

“அத்த வித்ததுதான் சார் பேஜாராப் போச்சு” என்றார் ராஜேந்திரன்.

தியாகேசனுக்குப் புரியவில்லை. ராஜேந்திரன் உட்கார்ந்து, பழத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னார். அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வேதா என்று ஒரு பெண். புருஷன் முருகையன் கிணற்றுப் படியில் சறுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்த வருஷம், விதைப்பு நேரத்தில் அவளால் கழனிக்கும் அடுப்புக்கும் சேர்த்து ஓட முடியவில்லை. ராஜேந்திரன் கடையில் கயிற்றில் தொங்கிய தெளியூர்க் கதையை எடுத்துப் போய்ப் படித்தவள், மறுநாள் ராஜேந்திரனின் சம்சாரம் கஸ்தூரியிடம் வந்து, இரண்டு வீட்டுக்கும் நீ ஆக்கு, இரண்டு வீட்டுக் களையையும் நான் எடுக்கிறேன் என்று கேட்டாள். அது நன்றாக நடந்தது. பிறகு தங்கம்மாள் வீடு சேர்ந்தது, தருமன் வீடு சேர்ந்தது, இன்னொரு வீடும் சேர்ந்தது. மல்லாட்டைக் கடலை அடிக்கிற களத்துக் கொட்டகையில் பெரிய அடுப்பு போட்டார்கள். வாரம் ஒரு வீடு சமைக்கும். ஆம்பளைகளுக்கும் முறை உண்டு.

“நல்ல விஷயம்தானே” என்றார் தியாகேசன். அவருக்கு உள்ளே ஒரு பூரிப்பு ஏறிக்கொண்டிருந்தது.

“நல்லதுதான் சார். நான் இல்லன்னு சொல்லல. பசங்க வயிறு வாடல, செலவு கம்மி. ஆனா வேதா இருக்குதே, அது எதுக்கெடுத்தாலும் புஸ்தகத்த விரிக்குது. எங்க மாமியார் வந்தாங்க. கஸ்தூரி நம்ம ஊட்டுலயே ரெண்டு தோசை சுடலாம்னு கல்ல போட்டுச்சு. வேதா வந்து நின்னுகினு, தெளியூர்ல தனி அடுப்பு கிடையாது, ரெண்டாவது புஸ்தகத்துல போட்டிருக்குதுன்னு சொல்லுது. மாமியார் எதிர்ல. நீங்க அப்படி எழுதி இருக்கீங்களா சார்?”

“எழுதியிருப்பேன்.”

“எழுதி இருக்கீங்க. நானும் பாத்தேன்.”

தியாகேசனுக்கு அந்த வரி நினைவில்லை. பரசுராமன் அவசரப்படுத்திய வருஷம் அது. கடைசி அத்தியாயங்களை இரண்டு மூன்று நாளில் ஓட்டியிருந்தார்.

“இப்ப நான் என்ன பண்ணணும்?”

“அடுத்த புஸ்தகத்துல ஒரே ஒரு வரி போடுங்க சார். வாரத்துல ஒரு நாளு, இல்ல விருந்தாளி வந்தா, அவங்கவங்க ஊட்டுல ஆக்கிக்கலாம்னு. நான் சொன்னா வேதா கேக்காது. நீங்க எழுதினா கேக்கும்.”

அவர் போன பிறகு அபீதா வாழைப்பழத்தை எடுத்து உள்ளே வைத்தாள். “ஏன்னா, நிஜமாவே நீங்க எழுதினதைப் பார்த்து சமைக்கறாளா?” என்று கேட்டாள். தியாகேசன் சிரித்தார். அன்றைக்கு முழுக்க அவருக்குக் கால் தரையில் படவில்லை.

அடுத்த ஞாயிறு சைக்கிளை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனார். களத்துக் கொட்டகையைத் தேட வேண்டியிருக்கவில்லை, புகை தெரிந்தது. உள்ளே ஒருவர் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். முருகையன். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், தியாகேசன் வேண்டாம் என்றார். முப்பது வயதுப் பெண் ஒருத்தி பானையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். வேதா. யார் என்று தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கும்பிடு போட்டுவிட்டு, வேறு பேச்சுப் பேசாமல் இடத்தைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தாள்.

இது தானிய மூட்டை, இது விறகு. இந்தப் பக்கம் பிள்ளைகள், அந்தப் பக்கம் பெரியவர்கள் என்று ஆரம்பத்தில் உட்கார்ந்ததாகவும் மூன்றாவது புத்தகம் வந்த பிறகு கலந்து உட்காருவதாகவும் சொன்னாள். சுவரில்லாத கொட்டகைக்குக் கேள்வி முற்றம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். சண்டை வந்தால் அங்கேதான்.

“கண்ணாடி வெச்சு வெயில பிடிக்கறத மட்டும் எங்களால முடியல சார்” என்றாள். “ராஜேந்திரன் அண்ணன் பழைய முகம் பாக்குற கண்ணாடி ஒண்ணு குடுத்தாரு. தண்ணி வெதுவெதுன்னு ஆச்சு, அதோட சரி.”

தியாகேசன் வெளியே போய் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். மூங்கில் சட்டத்தில் கட்டிச் சூரியனுக்கு நேராகச் சாய்த்திருந்தார்கள். சாய்மானம் சரியாகவே இருந்தது. காகிதத்தில் ஊரைக் கட்டும்போது யாராவது அதில் குடியிருப்பார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை.

சாப்பாட்டு வேளை ஆயிற்று. வேதா இலை போடச் சொன்னாள். தியாகேசன் சைக்கிள் பக்கம் நகர்ந்தார்.

“சாப்ட்டுட்டுப் போலாம் சார்.”

“இல்லம்மா, நான் வெளியில சாப்பிடறதில்ல. கோயில் குடும்பம். ஒரு கட்டு இருக்கு.”

வேதா அடுப்புப் பக்கம் திரும்பினாள். பானை மூடியைச் சரிசெய்தாள். “எழுதினது நீங்கதானே?” என்றாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. தியாகேசன் ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். வழியெல்லாம் அந்த ஒரு கேள்விதான் கூட வந்தது.

ஐந்தாவது கதையை அவர் அந்த வருஷம் ஆரம்பித்தார். ராஜேந்திரன் கேட்ட வரியை எழுதுவது சுலபம். ஆனால் எழுதும் முன்பே வேதா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். மரத்தடியில் நின்று, தருமன் வீட்டார் அறுப்பு முடியும் முன்பே விலகப் போவதாகப் பேசிக்கொள்கிறார்கள், விதைப்புக்கும் அறுப்புக்கும் நடுவில் யாரும் விலகக் கூடாது என்று அடுத்த புத்தகத்தில் எழுத முடியுமா என்று கேட்டாள். “அவங்க போறது தப்புன்னு சொல்லல சார். பாதியில போனா மத்தவங்க கழனி கெட்டுப்போவுது. அதுக்குத்தான்.”

அன்று சாயங்காலம் அபீதாவிடம் இதைச் சொன்னார்.

“அஞ்சு ஆத்துச் சாப்பாடு உங்க பேனாவுல இருக்கா இப்போ?” என்றாள் அவள். “எனக்கு என்னமோ இது நன்னா படலை. அவாளுக்கு என்ன வேணும்னு அவாதான் சொல்லணும்.”

அது தியாகேசனுக்குச் சரி என்று பட்டது. ரொம்பச் சரி என்று பட்டது. ஐந்தாவது கதையில் தெளியூரில் பெருமழை பெய்தது. ஊர் விதிகளைச் செதுக்கி வைத்திருந்த பாறை சரிந்து ஓடையில் போய்விட்டது. யாருக்கும் விதிகள் முழுசாக ஞாபகமில்லை. பாறையைத் தோண்டி எடுக்கலாம் என்றார்கள் சிலர். கடைசியில் எல்லாரும் கேள்வி முற்றத்தில் உட்கார்ந்து, இனி விதி எதுவும் கல்லில் இருக்க வேண்டாம், அவ்வப்போது கூடிப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். இதை எழுதி முடித்தபோது தியாகேசனுக்கு மனசு லேசாக இருந்தது. இரண்டு கட்சியிலும் சேராமல் அந்த ஐந்து வீட்டையும் அவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டதாக நினைத்தார். அபீதாவும் நன்றாக இருக்கிறது என்றாள்.

1979 தை மாதம் புத்தகம் வந்தது. ஒரு வாரத்தில் ராஜேந்திரன் வந்து இரண்டு கையாலும் கும்பிட்டார். “சரியாப் போட்டீங்க சார். விதியே இல்லன்னு எழுதிட்டீங்க. எங்க ஊட்டுல அன்னைக்கே அடுப்பு போட்டுட்டோம். தருமன் ஊட்டுலயும் போட்டுட்டாங்க.” தியாகேசன் அப்படி எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். ராஜேந்திரன் இருந்த சந்தோஷத்தில் அவரால் சொல்ல முடியவில்லை.

வேதா மாசியில் வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு இல்லை, வீட்டுக்கே வந்தாள். கையில் ஐந்தாவது புத்தகம். அபீதா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“ஏன் சார் இப்படி செஞ்சீங்க?”

“என்னம்மா செஞ்சேன்? நீங்களே பேசி முடிவெடுங்கன்னுதான் எழுதினேன். நான் யாரு உங்களுக்குச் சட்டம் போட?”

“எங்க ஊர்ல நான் பேசினா யார் சார் கேப்பாங்க?” என்றாள் வேதா. குரல் உயரவில்லை. “நான் சொன்னதுக்கா அஞ்சு ஊட்டு ஆம்பளைங்க வெங்காயம் அரிஞ்சாங்க? அச்சுல போட்ட புஸ்தகத்துல இருந்துச்சு, அதனால அரிஞ்சாங்க. தனி அடுப்பு கூடாதுன்னு நான் கஸ்தூரிய பேஜார் பண்ணேன்னு உங்க கிட்ட சொல்லி இருப்பாங்க. பண்ணேன்தான். ஒரு ஊட்டுல அடுப்பு போட்டா அந்தூட்டு ஆம்பள மறுநாளே கொட்டகைக்கு வர மாட்டான். கஸ்தூரிதான் அங்கயும் ஆக்கணும், இங்கயும் ஆக்கணும். இப்ப அப்படித்தான் நடக்குது. போய் பாருங்க. உங்க பேச்சுக்கு மதிப்பு இருக்கு சார், அதனால பேசிக்கலாம்னு எழுதிட்டீங்க. எனக்கு அந்த புஸ்தகம்தான் இருந்துச்சு. அத்த புடுங்கிட்டீங்க.”

புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அபீதா வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். “நானும்தான் நன்னா இருக்குன்னு சொன்னேன்” என்றாள். “இது எனக்குத் தோணவே இல்லை.” தியாகேசனுக்கும் தோன்றவில்லை. பெரிய மனசோடு செய்ததாக நினைத்த ஒன்று இப்படிப் போய் முடிந்ததில் அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, எழுதும்போது வேதாவைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை என்பதுதான் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடி அடி அண்ணாமலைக்குப் போனார். நேரே சோடாக்கடைக்குப் போய் ராஜேந்திரனைக் கையோடு அழைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். போகும்போதே சொல்லிவிட்டார்: “நான் தீர்ப்பு சொல்ல வரல. ஆனா நான் எழுதினதை நீங்க தப்பாப் படிச்சீங்க. விதி இல்லைன்னு எழுதல. கூடிப் பேசணும்னு எழுதினேன். இன்னும் நீங்க கூடவே இல்லையே.”

தகவல் போய், ஐந்து வீட்டாரும் வந்து சேர ஒரு நாழிகை ஆயிற்று. தருமன் வரவில்லை, அவர் சம்சாரம் மட்டும் வந்து தூணோரம் நின்றாள். அந்த வாரம் கஸ்தூரியின் முறை. உலையை இறக்கிவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளும் வந்தாள். அதுவரை தியாகேசன் அவளைப் பார்த்ததில்லை. அவளைப் பற்றித்தான் எல்லாரும் பேசியிருந்தார்கள், அவள் பேசி அவர் கேட்டதில்லை.

ராஜேந்திரன் முதலில் எழுந்தார். “என் ஊட்டுல என் சம்சாரம்...” என்று தொடங்கினார்.

“அண்ணே, முதல்ல நான் சொன்னத திருப்பிச் சொல்லணும். அதுதான் முறை” என்றாள் வேதா.

“அதான் முறையே இல்லன்னு ஆயிடுச்சே” என்றார் ராஜேந்திரன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வேதாவின் முகம் சுருங்கிவிட்டது.

“நான் சொல்றேன்” என்றாள் கஸ்தூரி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“வேதா இன்னா சொல்லுதுன்னா, ஊட்டு ஊட்டுக்கு அடுப்பு வந்தா ஆம்பளைங்க கை கழுவிடுவாங்க, வேல மொத்தமும் திரும்ப பொம்பளைங்க தலையில வந்து விழும். இந்தக் கொட்டகை இல்லன்னா முருகையன் அண்ணன் கால் ஒடஞ்ச வருஷம் அந்தக் குடும்பம் எழுந்திருக்காது. நாளைக்கு யாருக்கு வேணும்னாலும் அந்த நெலம வரும். அதுக்காகத்தான் அது புடிவாதம் புடிக்குது. இதுதானே வேதா?”

“இதுதான்” என்றாள் வேதா. அவளுக்குக் கண் கலங்கியது.

“சரி. இப்ப நான் என் பேச்ச பேசறேன். எனக்கு தோசை சுடணும்னு ஆசை இல்ல. எங்க அம்மா முன்னாடி நீ வந்து நின்னு, கல்ல இறக்குன்னு சொன்னே பாரு, அது வரைக்கும் எங்க மாமியார்தான் அப்படி என்கிட்ட பேசி இருக்காங்க. அதுக்கு அப்புறம் நீ பேசினே. அதுக்குப் போய் இந்தக் கொட்டகையில வந்து சேரணுமான்னு இருந்துச்சு. ஒரு நாளாவது, இத்த செய் அத்த செய்னு யாரும் சொல்லாம நானா ஒண்ணு ஆக்கணும். எனக்கு வேண்டியது அதான். நான் சொன்னத நீ சொல்லு இப்போ.”

வேதா சொன்னாள். முதல் தடவை சரியாக வரவில்லை, தன் நியாயத்தையும் நடுவில் கலந்துவிட்டாள். கஸ்தூரி இல்லை என்று தலையாட்டினாள். இரண்டாம் தடவையும் ஆட்டினாள். மூன்றாம் தடவை வேதா, “நான் உனக்கு மாமியாராயிட்டேன்னு சொல்றே” என்றாள். “ஆமா” என்றாள் கஸ்தூரி. அதற்குப் பிறகு ராஜேந்திரனுக்குப் பேச அதிகம் இருக்கவில்லை. அவருடைய முறை வந்தபோது, கொட்டகைக்கு வராமல் விட்டது தப்புதான் என்றார்.

அன்றைக்கு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. விருந்தாளி வந்தால் வீட்டில் ஆக்கலாம், ஆனால் விதைப்பிலும் அறுப்பிலும் கொட்டகையில்தான் என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வீட்டில் அடுப்பு எரிந்தாலும் ஆம்பளைகள் கொட்டகை முறையை விடக் கூடாது என்று தங்கம்மாள் சேர்த்துச் சொன்னார். அதுவரை வேதா பார்த்துவந்த மேற்பார்வை இனி மாதத்துக்கு ஒருத்தர் கையில். முதல் மாதம் கஸ்தூரி. இதைக் கேட்டு வேதா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தருமனின் சம்சாரம், தன் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே போனாள். அந்த வீடு திரும்பிச் சேரவே இல்லை.

பேச்சு முடிந்ததும் கஸ்தூரி இலை போட்டுக்கொண்டே வந்தாள். தியாகேசன் முன்னாலும் ஒன்று போட்டாள். அவருடைய கட்டு அவளுக்குத் தெரியாது.

“அவருக்கு போடாத கஸ்தூரி. அவரு சாப்ட மாட்டாரு” என்றாள் வேதா.

தியாகேசன் இலையைப் பார்த்தார். எழுந்துவிட்டால் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. “போடுங்க” என்றார். கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும். களியை எப்படிச் சாப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மென்று பார்த்தார். பக்கத்தில் இருந்த முருகையன், “மெல்லக் கூடாது சார், குழம்புல தோச்சு முழுங்கணும்” என்றார். குழம்பில் காரம் ஜாஸ்தி. கண்ணில் தண்ணீர் வர அவர் சாப்பிட்டு முடித்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேதா மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

வீட்டுக்கு வந்து, வேறு யாராவது சொல்லும் முன் தானே அண்ணனிடம் சொன்னார். சம்பந்தமூர்த்தி கத்தவில்லை. வேஷ்டி மடித்துக்கொண்டிருந்தவர் அதை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“தெரிஞ்சுதானே சாப்பிட்டே?”

“தெரிஞ்சுதான்.”

“அப்போ இனிமே என் முறைக்கு நீ வர வேண்டாம். சித்தப்பா பிள்ளை ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட சொல்லிக்கறேன்.” மடித்த வேஷ்டியை எடுத்து வைத்துவிட்டு, “உன்னைக் கோவிச்சுக்கலைடா. அது வேற, இது வேற” என்றார்.

தியாகேசன் தலையாட்டினார். வருஷத்தில் ஒன்றிரண்டு நாள்தான் அவர் அங்கே போய் நின்றது. ஆனாலும் விடியலில் அந்த இருட்டும் எண்ணெய் வாசனையும் இனி இல்லை என்பது அவருக்குப் பல மாதம் ஆறவில்லை. சில நாள் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்து சும்மா படுத்திருப்பார்.

ஆறாவது கதைக்கு அவர் தனியாக உட்காரவில்லை. வேதாவிடம் போய், சேர்ந்து எழுதலாமா என்று கேட்டார். கஸ்தூரி மேற்பார்வை பார்த்த மாதம் வேதா பத்து நாள் கொட்டகைப் பக்கமே வராமல் இருந்து, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து பாத்திரம் தேய்க்க உட்கார்ந்திருந்தாள். எழுதுவதா, எனக்குக் கையெழுத்தே கோணல் என்றாள். சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்றார். ஞாயிறு ஞாயிறாக அபீதாவும் கூடப் போனாள். வேதா சொல்லச் சொல்லத் தியாகேசன் எழுதினார். இடையிடையே, “இல்ல சார், தெளியூர்ல இருந்தாலும் பொம்பள அப்படிப் பேச மாட்டா” என்று அவள் நிறுத்துவாள். அபீதாவும் அவள் பக்கம் சேர்ந்துகொள்வாள். அவர் அடித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

அந்தப் புத்தகத்தில் தெளியூரில் முதன்முறையாக ஒருத்திக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று, ஒருத்தி இன்னொருத்தியோடு பேசாமல் இருந்தாள், ஒரு சோம்பேறி வந்தான், அவனை என்ன செய்வது என்று ஊர் முழுக்கத் திண்டாடியது. அட்டையில் ‘வேதா, தியாகேசன்’ என்று இரண்டு பேர் போட வேண்டும் என்று கேட்டதற்குப் பரசுராமன் ஒத்துக்கொண்டார், ராக்கெட்டை மட்டும் விடமாட்டேன் என்றார். 1981இல் வந்தது. நன்றாகப் போகவில்லை. முன்னால் மாதிரி இல்லை, சண்டை சச்சரவாக இருக்கிறது என்று வாசகர்கள் எழுதினார்கள். பரசுராமன் அத்தோடு வரிசையை நிறுத்திவிட்டார்.

அடி அண்ணாமலையில் அது வேறு மாதிரிப் போயிற்று. ராஜேந்திரன் கடையில் முன்வரிசையில் தொங்கவிட்டு, பௌர்ணமிக்கு நடக்க வருகிறவர்களிடம், இதை எழுதினது எங்க ஊர்ப் பொண்ணு என்று சொல்லி விற்றார். வேதாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டொருவர் ‘வேதாம்மா’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வாய்க்கால் தகராறு ஒன்றில் பஞ்சாயத்து ஆட்களே அவளைக் கூப்பிட்டனுப்பி என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அவள் போய், முதலில் இரண்டு பேரும் அடுத்தவன் பேச்சைத் திருப்பிச் சொல்லுங்கள் என்றாள். ஒருவன் முடியாது என்று எழுந்துபோய்விட்டான். மறுவாரம் அவனே வந்து சொன்னான்.

நான்கு வீட்டுக் கொட்டகை எண்பதுகளிலும் நடந்தது. பௌர்ணமிக் கூட்டம் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனதில், அன்றைக்கு மட்டும் வெளியாட்களுக்கும் சேர்த்து உலை வைத்தார்கள். ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் கேள்விப்பட்டு வந்து, இதற்கு யார் தலைவர் என்று தியாகேசனை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். அந்த மாதம் முருகையன் மேற்பார்வை. அவரைக் காட்டினார்கள். முருகையன் அவருக்கு அரிவாள்மனையைத் தள்ளிவிட்டார்.

1984 சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம் தியாகேசனும் அபீதாவும் கொட்டகைக்குப் போனபோது கஸ்தூரி களத்தில் குனிந்து பெரிய அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அபீதா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அரிசி களையப் போய்விட்டாள். வேதா தியாகேசனிடம் வந்தாள்.

“சார், ஒரு கதை சொல்றேன். தெளியூர் இல்ல. நம்ம பக்கத்து ஊர்தான், இப்ப நடக்கறது. எழுதறீங்களா?”

“எழுதறேன். ஆனா இந்தத் தடவை நீங்களே எழுதிப் பாருங்களேன். கோணலா இருந்தா பரவாயில்ல.”

வேதா யோசித்தாள். “எழுத்துப் பிழை வரும்.”

“வரட்டும்.”

“சரி, அப்புறம் பேசிக்கலாம். முதல்ல இந்தத் தேங்காய எல்லாம் துருவிடுங்க, ஆளு கம்மியா இருக்குது” என்று சொல்லிவிட்டு அவள் விறகு எடுக்கப் போனாள். தியாகேசன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.